கையைப் பற்றி யாரும் கேட்கவில்லை

இறந்தவர்களைக் குளிப்பாட்டும் அறையை வியாழக்கிழமைதோறும் கழுவிவிடுவது தையலக்காவின் வேலை. அந்த வாரம் யாராவது இறந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. சங்கக் கட்டடத்துக்குப் பின்னால் பூட்டியே கிடக்கிற அறை. ஓடு பதித்த தரை, நடுவில் கால்மாட்டுப் பக்கம் சற்றுச் சரிந்த சிமெண்ட் மேடை. குழாயைத் திறந்து மேடையின் தலைமாட்டில் தண்ணீர் விட்டால் அதுவே வழிந்து மூலையிலுள்ள சல்லடைக்குப் போய்ச் சேரும். துடைப்பத்தால் தேய்த்துவிட்டு, வாளிகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கற்பூர டப்பாவை ஒருமுறை திறந்து பார்ப்பாள். கற்பூரம் தானாகவே கரைந்து போகிற சாமான். பார்க்காமல் விட்டால், வேண்டிய நாளில் வெறும் டப்பாதான் இருக்கும்.

இதை இரண்டு பேராகத்தான் செய்வார்கள். ஒருத்தி தண்ணீர் விட, ஒருத்தி தேய்க்க. சில வாரங்களாக அவள் தனியாகச் செய்கிறாள். ரப்பர் குழாயை மேடைமேல் சாய்த்து வைத்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்தால், குழாய் வழுக்கி விழுந்து சேலையை நனைக்கிறது.

"நீயாச்சும் கொஞ்சம் நில்லேன்" என்றாள் குழாயைப் பார்த்து.

அந்த அறையில் அவள் வாய்விட்டுப் பேசுகிறவள் இல்லை. சொன்ன பிறகுதான் உறைத்தது. மேடையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். ஈரமாக, காலியாக இருந்தது. தண்ணீர் சல்லடைக்குள் இறங்குகிற சத்தம் நின்ற பிறகும் எங்கேயோ ஒரு சொட்டு விழுந்துகொண்டிருந்தது.

தையல்தான் அவளுக்குச் சோறு போடுகிற தொழில். வீட்டு முன்னறையில் மெஷினைப் போட்டு, தெருப் பெண்களுக்கெல்லாம் ரவிக்கையும் புர்காவும் தைத்துக் கொடுக்கிறாள். முன்பு குளிப்பாட்டிக்கொண்டிருந்த அம்மாளுக்கு இடுப்பு விழுந்து படுத்துவிட்டபோது, "எங்க எல்லார் உடம்பும் உனக்குத்தானே தெரியும், வாடி" என்று கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டார்கள். சொன்னதில் நியாயம் இருந்தது. உயிரோடு இருக்கும்போது "மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க, அளவு தப்பிடும்" என்று அவள் திட்டிய அதே உடம்புகள்தான் மேடைக்கு வந்தன.

கூட வருகிறவள் அவளுடைய நாத்தனார், கணவரின் தங்கை. பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. வெண்கலம் என்பார்கள். குரல் அப்படி. அவள் காதோடு காதாகச் சொல்கிற ரகசியம் அடுத்த வீட்டு அடுப்படியில் எதிரொலிக்கும். ஆனால் கை பஞ்சு மாதிரி இருக்கும். பிள்ளைபெற்றவளுக்கு எண்ணெய் தேய்க்கவும் அவளைத்தான் கூப்பிடுவார்கள், இறந்தவளைத் திருப்பிப் போடவும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

குளிப்பாட்டுகிறவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. உடம்பில் நல்லது கண்டால் வெளியே சொல்லலாம். குறை கண்டால் அது அந்த அறையோடு போயிற்று. கணவனிடம்கூடச் சொல்லக் கூடாது. அதனால் ஒவ்வொரு முறையும் கதவு திறந்ததும் வெளியே உட்கார்ந்திருக்கும் பெண்கள் வெண்கலத்தின் வாயைப் பார்ப்பார்கள். "முகம் அவ்வளவு தெளிவா இருந்துச்சு", "உடம்பு பூ மாதிரி லேசா இருந்துச்சு" என்று அவள் ஏதாவது ஒன்று சொல்வாள். அழுதுகொண்டிருப்பவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழுவார்கள், பிறகு ஓய்வார்கள். தையலக்கா வாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கமாகப் போய்விடுவாள். நல்லதைச் சொல்வது வெண்கலத்தின் பங்கு என்றே ஆகியிருந்தது.

சங்கம் என்றால் பள்ளிவாசலை ஒட்டிய ஒரு கட்டடம், மாலையில் ஓதுகிற பிள்ளைகள், படிப்பு உதவி, இறந்தவர்களை ஏற்றிப்போகிற ஜனாஸா வண்டி, இந்த அறை. வண்டியை ஓட்டுகிறவர் தையலக்காவின் கணவர். தேர்தல் வந்தால் வாசலில் ஒரு தாள் ஒட்டுவார்கள்: சங்கம் யாருக்கும் ஆதரவு இல்லை, யாருக்கும் எதிர்ப்பும் இல்லை. எல்லா வேட்பாளரும் வருவார்கள். எல்லாருக்கும் ஒரே டீ, ஒரே பிஸ்கட். ஒருவருக்கு இரண்டு பிஸ்கட் வைத்துவிட்டதாக ஒருமுறை புகார் வந்து, அதற்கும் கூட்டம் போட்டுப் பேசினார்கள்.

இந்தத் தடவை ஒரு வேட்பாளர் டீயைக் குடித்துவிட்டு, மையவாடிக்குச் சுற்றுச்சுவரும் பக்கத்து நிலமும் வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். புதைக்க இடமில்லாமல் பழைய குழிகளைத் திரும்பத் தோண்டிக்கொண்டிருந்த நேரம். செயலாளர், மருந்துக்கடை வைத்திருப்பவர், அதைப் பிடித்துக்கொண்டார். தலைவர் இரும்புக்கடைக்காரர். எடை போடாமல் எதையும் வாங்காதவர்.

அன்றைய கூட்டத்தை வண்டிக்காரர் வீட்டுக்கு வந்து நடித்தே காட்டினார்.

"செயலாளர் எந்திரிச்சு, 'நாம செத்தா எங்க படுக்கிறது, உங்க இரும்புக்கடை குடோன்லயா'ன்னாரு. தலைவர் சும்மா இருப்பாரா? 'இன்னைக்குச் சுவர் கட்டிக் குடுப்பான், நாளைக்கு அந்தச் சுவர்லயே அவன் பேரை எழுதுவான். செத்தவங்க தலைமாட்டுல கட்சிக்காரன் பேரா'ன்னாரு."

"அப்புறம்?"

"அப்புறமென்ன, கை தூக்கச் சொன்னாங்க. சரிபாதி. நம்ம ஆளுங்க எதுல சரிபாதியா வந்திருக்காங்க, இதுல வந்துட்டாங்க."

"நீங்க எந்தப் பக்கம்?"

"நான் டிரைவர். ரெண்டு பக்கமும் பார்த்துத்தான் வண்டி ஓட்டணும்."

தலைவரின் ஓட்டால் பழைய தீர்மானமே நின்றது. அவர் அதோடு விட்டிருக்கலாம். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் மைக்கைப் பிடித்து, "நான் யாருக்கும் மறைமுகமா வேலை பாக்கிறேன்னு சிலர் பேசுறாங்க. நான் ஓட்டே போடப் போறதில்ல. என் வீட்டுலேருந்து ஒருத்தரும் பூத்துக்குப் போக மாட்டாங்க. இது நான் உங்க முன்னாடி குடுக்கிற வாக்கு" என்றார். அப்படியொரு வாக்கை அவரிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

பெண்கள் பகுதியில் ஒலிபெருக்கிக்குக் கீழே தலைவரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தையலக்கா. அந்த அம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்: "எனக்கும் இப்பத்தான் தெரியுது."

தேர்தலன்று காலையில் அவள் ஒரு புதுப் புர்காவோடு முன்னறைக்கு வந்தாள். உள்பக்கம் ஒரு பை வைத்துத் தர வேண்டும் என்றாள். எல்லாப் புர்காவிலும் பை கேட்கிறவள் அவள் ஒருத்திதான்.

"கைப்பை வச்சுக்கலாமே அக்கா. இதுல பை வச்சா ஒரு பக்கம் இழுக்கும்."

"கைப்பையை எடுத்தா எங்க போறேன்னு கேப்பாங்க. வெறுங்கையா கிளம்பினா பக்கத்து வீட்டுக்குன்னு விட்டுடுவாங்க."

தையலக்கா சிரித்தாள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. மெஷின்மேல் புர்காவை வைத்துவிட்டு, நின்றபடியே கேட்டாள்.

"நீ ஓட்டுப் போடப் போறியா?"

"போகணும். இதைத் தைச்சுட்டு."

"இதை அப்புறம் தை. நானும் வர்றேன்."

தையலக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். அவரிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்க வாயெடுத்தாள், கேட்கவில்லை. சங்கத்தில் எந்தப் பதவியும் இல்லாத வீடு இது. தனக்குத் தடையில்லை. கூட வருகிறவளுக்கு இருந்த தடையை அவளைக் கேட்காமலே அவளுக்காக வேறொருவர் மைக்கில் போட்டிருந்தார். சேலைமேல் தன் புர்காவை மாட்டி, முகத்திரையை இறக்கிவிட்டு, கதவைப் பூட்டினாள்.

பள்ளிக்கூட மைதானத்தில் பெண்கள் வரிசை நீளமாக இருந்தது. வெயில். நிழல் இருந்த இடத்தில் போலீஸ்காரர் நாற்காலி போட்டிருந்தார். அந்த அம்மாள் இரண்டு தடவை நெஞ்சைத் தடவிக்கொண்டாள். "போயிடலாமா அக்கா" என்றதற்கு வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அறைக்குள் விரலில் மை வைத்தபோது, "சில்லுனு இருக்கு" என்று சொல்லி, சிறுபிள்ளை மாதிரி விரலை ஊதிக்கொண்டே வெளியே வந்தாள். யாருக்குப் போட்டாள் என்று தையலக்கா கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. இருவரும் வேறுவேறு சந்து வழியாக வீட்டுக்குப் போனார்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே வண்டிக்காரருக்குப் போன் வந்துவிட்டது. தலைவர் வீட்டம்மா அடுப்படியில் சாய்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. நெஞ்சுவலி என்றார்கள்.

மாலைக்குள் அடக்கம் என்பதால் தையலக்காவும் வெண்கலமும் ஓடினார்கள். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, உடம்பின் மேல் விரித்த துணி விலகாமல், வலப்பக்கத்திலிருந்து தொடங்கினார்கள். தையலக்கா தண்ணீர் விட்டாள். இடக்கையைத் தூக்கியபோது வெண்கலம் அப்படியே நின்றாள். ஆள்காட்டி விரலில் நகமும் தோலும் சேர்த்து ஒரு கோடு. இன்னும் பளபளப்புக்கூடப் போகவில்லை.

"அண்ணி."

"பார்த்துட்டேன். நீ கழுவு."

"தலைவர் வீடு அண்ணி. வாக்குக் குடுத்த வீடு." வெண்கலம் முடிந்தவரை தணித்துச் சொன்னாள். அறை முழுக்கக் கேட்டது. "அதுவும் இல்லாம, மை இருந்தா தண்ணி இறங்காதே? குளிப்பாட்டினது செல்லுமா?"

குதிகால் தேய்க்கிற கல் ஒன்று வாளிப் பக்கம் எப்போதும் கிடக்கும். வெண்கலம் அதை எடுத்து விரலைத் தேய்க்கத் தொடங்கினாள். பஞ்சு மாதிரி என்று பெயர் வாங்கிய கை. இரண்டு இழுப்பு இழுத்திருப்பாள். நகத்தை ஒட்டிய தோல் வெள்ளையாகக் கிளம்பியது. தையலக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"கல்லைக் கீழ போடு. மருதாணி மாதிரிதான் இதுவும். வெறும் நிறம். தண்ணி இறங்கும்."

"வெளிய தெரிஞ்சா?"

"வெளிய எங்க போகுது? நேரா மண்ணுக்குத்தானே போகுது."

வெண்கலம் கல்லைப் போட்டாள். கிளம்பிய தோலைத் தையலக்கா ஈரத்துணியால் ஒற்றி அமர்த்தினாள். இரத்தம் வராது என்று தெரியும். இருந்தும் துணியைத் திருப்பிப் பார்த்தாள். கடைசித் தண்ணீரில் கற்பூரம் கரைத்து ஊற்றி, முடியை மூன்றாகப் பின்னி, கபன் துணியைப் போர்த்தி, அந்தக் கையை உள்ளே வைத்தார்கள். பிறகு தங்கள் கையில் சுற்றியிருந்த துணியைக் கழற்றியபோது, வெண்கலத்தின் கண் அண்ணியின் விரலுக்குப் போனது. அங்கேயும் அதே கோடு.

"நீயுமா?"

"நான் எந்தப் பதவியில இருக்கேன்?"

வெண்கலம் அந்த விரலையும் துணிக்குள் மறைந்துவிட்ட கையையும் ஒருமுறை பார்த்தாள். அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தது அதற்கு முன் எப்போது என்று தையலக்காவால் நினைவுபடுத்த முடியவில்லை.

கதவைத் திறந்ததும் பெண்கள் வழக்கம்போல வெண்கலத்தின் வாயைப் பார்த்தார்கள். நடையில் ஆண்கள் பக்கம் தலைவர் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் செயலாளர், நாலைந்து பேர்.

"முகம் அவ்வளவு வெளிச்சமா இருந்துச்சு. சிரிச்ச மாதிரி" என்றாள் வெண்கலம். பெண்கள் விம்மினார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவளுக்குத் தலைவர்மேல் மரியாதை அதிகம். அவளுடைய மகனின் படிப்புக்கு உதவியவர். இன்னும் கொஞ்சம் நல்லது சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். "கைகூட அவ்வளவு சுத்தம். ஒரு கறை இல்ல."

செயலாளர் குனிந்து செருப்பைச் சரிசெய்துகொண்டார். கையைப் பற்றி யாரும் கேட்டிருக்கவில்லை.

ஓட்டு எண்ணியபோது சுவர் தருகிறேன் என்றவர் கொஞ்ச வித்தியாசத்தில் தோற்றுப்போனார். அதுவரை முணுமுணுப்பாக இருந்தது அதன்பிறகு பேச்சாகிவிட்டது. கறை இல்லை என்று எதற்குச் சொல்ல வேண்டும்? இருந்ததால்தானே சொன்னார்கள்? ஊருக்கு நடுநிலை, வீட்டுக்கு எதிர்க்கட்சியா? தலைவர் மனைவியை ரகசியமாக அனுப்பித் தனக்கு வேண்டியவனுக்குப் போடவைத்தார் என்று ஒரு கதை கிளம்பியது. தொழுகை முடிந்து ஒன்றாக டீ குடித்தவர்கள் இரண்டு கடைகளில் குடிக்க ஆரம்பித்தார்கள். பொதுக்குழுவைக் கூட்டி, "என் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை" என்று தலைவர் அல்லாஹ்மேல் சத்தியம் செய்ய வேண்டும், இல்லையென்றால் இறங்க வேண்டும் என்று செயலாளர் பக்கத்தில் கையெழுத்து வாங்கினார்கள்.

அந்த விரலைப் பார்த்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி முதலிலேயே சொல்லிவிட்டாள். மற்றவளைத் தேடி ஆள் வரத் தொடங்கியது.

செயலாளரின் மனைவி, மருந்துக்கடையம்மா, ரவிக்கைத் துணியோடு வந்தாள்.

"கெட்டது சொல்லக் கூடாது, தெரியும். நான் கெட்டதா கேக்கிறேன்? கை சுத்தமா இருந்துச்சா, அதை மட்டும் சொல்லு. நல்லதைச் சொல்லலாம்ல?"

தையலக்கா அளவு நாடாவை எடுத்தாள். "கையைத் தூக்குங்க."

"சுத்தமா இருந்துச்சுன்னு சொல்லிட்டா எங்க வீட்டுக்காரரே எல்லாரையும் வாயை மூடச் சொல்லிடுவாரு. சொல்லலைன்னா என்ன அர்த்தம்னு நீயே சொல்லு."

"போன தடவைக்கு ஒரு இஞ்ச் கூடியிருக்கு" என்றாள் தையலக்கா. "பிரிச்சுத் தைக்கிற மாதிரி உள்ள துணி விடவா?"

மருந்துக்கடையம்மா துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆனால் அவள் விட்டுப்போன கணக்கு முன்னறையிலேயே நின்றது. நல்லதை மட்டும் சொல்கிற வழக்கத்தில் பேசாமல் இருப்பது பேசாமல் இருப்பதாகவே ஆகாது. மூடிய வாய்தான் அங்கே சாட்சி. சுத்தம் என்று சொன்னால் பொய். சொல்லாவிட்டால், அந்த அம்மாளின் விரலைக் கபனிலிருந்து எடுத்துத் தெருவுக்கு நீட்டியதாகிவிடும்.

வண்டிக்காரரைச் செயலாளர் கூப்பிட்டு, வண்டியை வேறு ஆளுக்குக் குத்தகைக்கு விடலாமா என்று யோசிப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"நீ வாயைத் தொறந்தா தலைவர் பக்கம் என்னை விரட்டும். தொறக்கலைன்னா செயலாளர் பக்கம் விரட்டும்" என்றார் வண்டிக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே. "நடுநிலைன்னா என்னன்னு இப்பத்தான் எனக்கே புரியுது."

"என்ன புரியுது?"

"ரெண்டு பக்கமும் அடி." பிறகு தட்டைப் பார்த்தபடி கேட்டார். "என்கிட்டகூடச் சொல்ல மாட்டியா?"

"குழம்பு ஊத்தவா?"

வெண்கலத்திடம் மட்டும் அவள் வாய்விட்டுச் சண்டை போட்டாள், வெண்கலத்தின் வீட்டுக் கொல்லையில், துணி காய்ந்துகொண்டிருந்த கொடிக்கு நடுவே.

"கையைப் பத்தி உன்னை யாரு கேட்டா?"

"நல்லதுக்குத்தானே அண்ணி சொன்னேன். நீயும் ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். மரம் மாதிரி நின்ன. உன் மூஞ்சியைப் பார்த்துத்தான் அவங்களுக்குச் சந்தேகமே வந்துச்சு."

"பொய்க்கு ஆமான்னு சொல்லணுமா?"

வெண்கலம் ஈர வேட்டியை உதறினாள். தண்ணீர் இருவர் மேலும் தெறித்தது. "நான் சொன்னது பொய்தான். நீ சொல்லாம வச்சிருக்கிறது என்ன? அந்த அம்மா தனியா ரோட்டைக்கூடத் தாண்டாது. எனக்குத் தெரியாதா?"

தையலக்கா கொடித் துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அன்றிலிருந்து வெண்கலம் வியாழக்கிழமை வருவதில்லை. இனி யாராவது இறந்தால் தலைவர் பக்கத்து வீடுகளுக்கு மட்டும் வருவேன், அண்ணியோடு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். செயலாளர் பக்கத்தில் வேறு இரண்டு பெண்களைப் பழக்குகிறார்கள் என்றும் பேச்சு.

விரலில் தோல்மேல் இருந்த மை சில வாரங்களில் போய்விட்டது. நகத்தில் இருந்தது போகவில்லை. அது வளர்ந்தது. அடிநகத்திலிருந்து வெள்ளை எழும்ப எழும்ப, கறை மெல்ல மேலே நகர்ந்தது. தைக்கும்போது துணியைத் தள்ளிக்கொடுப்பது இடக்கை ஆள்காட்டி விரல்தான். ஊசி ஏறி இறங்குகிற இடத்துக்குப் பக்கத்திலேயே அது இருந்துகொண்டிருந்தது. பார்க்காமல் தைக்க முடியாது. இன்னும் கொஞ்ச நாளில் நுனிக்கு வந்துவிடும், வெட்டி எறிந்துவிடலாம். இன்னொரு விரலில் அது நகராது. வைத்த இடத்திலேயே இருக்கும், பக்கத்தில் கிளம்பிய தோலோடு. வெயிலில் இரண்டு தடவை நெஞ்சைத் தடவிக்கொண்ட கை அது. அப்போதே தோளைப் பிடித்துத் திருப்பிக் கூட்டிவந்திருந்தால் என்ற நினைப்பு மெஷின் ஓடும்போது வராது. நிறுத்தினால் வந்து நிற்கும். அதனால் தேவையில்லாத ஓரங்களுக்கெல்லாம் இரட்டைத் தையல் போட்டாள். யாரோ பின்னாலிருந்து "சில்லுனு இருக்கு" என்று சொன்ன மாதிரி இருந்து திரும்பினால், சுவர் ஆணியில் அந்தப் புதுப் புர்கா தொங்கும். வாங்க யாரும் வரவில்லை. பையை மட்டும் தைத்து முடித்து வைத்திருந்தாள்.

இந்த வியாழக்கிழமை, அறையைக் கழுவிவிட்டு ஈரச்சேலையோடு வந்து மெஷினில் உட்கார்ந்தபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. தலைவர். மறுநாள் பொதுக்குழு.

"உள்ள வரலாமா தங்கச்சி?"

"வாங்கண்ணே."

துணி எடுக்க வரும் பெண்கள் உட்காருகிற முக்காலியில் உட்கார்ந்தார். அது அவருக்குக் குட்டை. முழங்கால்கள் நெஞ்சுக்கு வந்தன. கடையில் டன் கணக்கில் கம்பி இறக்குகிறவர், அந்த முக்காலியில் தண்டனைக்கு உட்காரவைத்த மாணவன் மாதிரி இருந்தார்.

"நாளைக்குச் சத்தியம் பண்ணச் சொல்றாங்க."

"கேள்விப்பட்டேன்."

"பண்றதுல எனக்கு என்ன கஷ்டம்? நான் போகல. அவளும் போகலைன்னுதான் நினைச்சுக்கிட்டிருந்தேன். உங்க நாத்தனார் கை சுத்தம்னு சொன்னாங்க பாருங்க, அன்னைலேருந்து தூக்கம் இல்ல." கைகளைப் பார்த்துக்கொண்டார். துரு படிந்த ரேகைகள். "நீங்க சொல்லுங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"அந்த அறையில பார்த்தது அந்த அறையோட போச்சுண்ணே. உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும். அதனாலதான் கேக்கிறேன். நல்லதுன்னா நீங்க சொல்லியிருப்பீங்க."

மெஷினின் சக்கரத்தின்மேல் அவள் கையை வைத்திருந்தாள். அது சுற்றவில்லை.

"நல்லது கேக்கிறீங்கன்னா சொல்றேன்" என்றாள். "முடி நிறைய இருந்துச்சு. இந்த வயசுக்கு அவ்வளவு முடி நான் பார்த்ததில்ல. மூணு பின்னல் போட்டேன். காதுகிட்ட ஒரு சின்ன நரை, அவ்வளவுதான்."

"முகம் சிரிச்ச மாதிரி இருந்துச்சுன்னாங்க."

"சிரிச்ச மாதிரி இல்ல." இதை எப்படிச் சொல்வது என்று கொஞ்சம் யோசித்தாள். "ஒரு வேலையை முடிச்சுட்டு வந்து உக்காந்தா ஒரு மூஞ்சி இருக்குமே. அப்படி இருந்துச்சு."

தலைவர் அதை நெடுநேரம் வைத்துக்கொண்டிருந்தார். எடை போடுகிறவர். பிறகு தலையை ஆட்டினார், ஒருமுறை மட்டும்.

"சத்தியம் பண்ண மாட்டேன். மைக்கைக் குடுத்துட்டு இறங்கிடுவேன். சுவர் கேட்டவங்க சுவரைக் கட்டிக்கட்டும், கட்டாம போகட்டும். அவளைப் பத்தி ஒரு வார்த்தை அந்த மைக்ல வராது." முக்காலியிலிருந்து கையூன்றி எழுந்தார். "போன தடவை மைக்ல சொல்லும்போது அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கத் தோணல பாருங்க."

அவர் பார்வை ஆணியில் தொங்கிய புர்காவுக்குப் போனது.

"இது அவளோடதா?"

"ஆமாண்ணே. அன்னைக்குக் காலையில குடுத்தாங்க. பை வச்சுத் தரச் சொல்லி."

எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை விரித்துப் பார்க்கவில்லை. மடித்தபடியே தடவி, உள்பையைக் கண்டுபிடித்து, விரல்களை அதற்குள் விட்டார். காலியான பை. அடிவரை போய்த் திரும்பி வந்தன.

"அன்னைக்குக் காலையிலயா?" என்றார்.

தான் சொன்னது என்ன என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இடக்கையை மெஷின்மேல் கிடந்த துணிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். மெதுவாக இழுத்திருக்க வேண்டும். அவர் கண் அந்த அசைவைப் பார்த்துவிட்டது. விரலைப் பார்த்ததா, தெரியவில்லை.

புர்காவை முழங்கைமேல் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். ஒரு செருப்பை மாட்டிவிட்டு, மற்றதைக் காலால் தேடியபடி, திரும்பாமலே கேட்டார்.

"வெயில்ல ரொம்ப நேரம் நின்னிருப்பா. கூட யாராச்சும் இருந்தாங்களா தங்கச்சி?"

குளிப்பாட்டுகிற அறையில் பார்த்ததற்குக் கட்டுப்பாடு உண்டு. இது அங்கே பார்த்தது இல்லை. பள்ளிக்கூட மைதானத்தில், பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் நின்று பார்த்தது. இதைச் சொல்லக் கூடாது என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை. துணிக்கு அடியில் கட்டைவிரல் அந்த நகத்தைத் தடவிக்கொண்டிருந்தது. வாய் திறந்தது. "அண்ணே" என்றுகூட வரவில்லை.

தலைவர் காத்திருந்தார். இரண்டாவது செருப்பு காலில் ஏறியது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் நின்றார். பிறகு, புர்கா தரையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, படி இறங்கிப் போனார்.